மழை பெய்தால் சர்வருக்குப் பெயர்கள் மறந்துபோகின்றன: உதவி தேவை

மடிவாளாக்காரன் · வியாழன், இரவு 9:05

வணக்கம். கோரமங்களாவில் முப்பது பேர் வேலை செய்யும் ஒரு கம்பெனியில் சர்வர், நெட்வொர்க், பிரிண்டர் எல்லாவற்றையும் நான் ஒருவன்தான் பார்த்துக்கொள்கிறேன். காபி மிஷின் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

பிரச்சினை இது. ஆபீஸிலேயே ஒரு உபுண்டு 22.04 சர்வர் இருக்கிறது, பில்லிங் ஆப் அதில்தான் ஓடுகிறது. டேட்டாபேஸ் வேறு ஒரு மெஷினில். பத்து நாளில் மூன்று முறை பில்லிங் திடீரென நின்றுபோனது. லாக்கைத் திறந்தால், டேட்டாபேஸின் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது. ஐபி முகவரிக்கு பிங் அடித்தால் போகிறது. பெயரைக் கொடுத்தால் போகவில்லை. அதே நேரத்தில் என் லேப்டாப்பிலிருந்து அதே பெயருக்கு அடித்தால் போகிறது!

ஆப்பை ரீஸ்டார்ட் செய்தேன், பலனில்லை. டிஎன்எஸ் (பெயரைக் கொடுத்தால் ஐபி முகவரியைச் சொல்லும் சேவை) கேஷை ஃப்ளஷ் செய்தேன், அதற்கும் பலனில்லை. சர்வரையே ரீபூட் செய்தால்தான் சரியாகிறது. இரண்டு மூன்று நாள் ஒழுங்காக ஓடும். அப்புறம் மறுபடியும்.

இன்னொன்று, சொன்னால் சிரிப்பீர்கள். மூன்று முறையும் மாலை நேரம், மூன்று முறையும் வெளியே மழை. உன் சர்வருக்கும் மழைக்கும் ஏதோ பகை என்கிறார் அக்கவுன்ட்ஸ் அக்கா.

ஃபில்டர்காபி404 · வியாழன், இரவு 9:20

கூகுள் டிஎன்எஸ் போடுங்கள் ப்ரோ. 8.8.8.8. பிடிக்கவில்லை என்றால் கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1. இரண்டு நிமிட வேலை. ரூட்டர் தருவதை நம்பி யாராவது சர்வர் ஓட்டுவார்களா?

ஓசூர் பஸ் · வியாழன், இரவு 9:31

மழை என்றதும் எனக்குத் தோன்றுவது கேபிள். மொட்டை மாடி வழியாக வரும் கேபிளின் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கினால் பாக்கெட்டுகள் பாதி வழியிலேயே தொலையும். எங்கள் பொம்மனஹள்ளி ஆபீஸில் ஒரு ஜூன் மாதம் முழுக்க அப்படித்தான் போனது. பாலிதீன் கவர் சுற்றியதும் சரியானது. முதலில் வயரைப் பாருங்கள்.

மடிவாளாக்காரன் · வியாழன், இரவு 9:48

@ஃபில்டர்காபி404: 8.8.8.8 ஏற்கனவே இருக்கிறது. முதலில் ஆபீஸின் சொந்த டிஎன்எஸ் 192.168.10.5, இரண்டாவதாக 8.8.8.8. அதுதான் எனக்கும் புரியவில்லை. ஒன்று விழுந்தால் இன்னொன்று பிடிக்க வேண்டாமா?

@ஓசூர் பஸ்: சர்வரும் டேட்டாபேஸும் ஒரே ரேக்கில் இருக்கின்றன அண்ணா. நடுவில் ஒரு ஸ்விட்ச், ஒரு மீட்டர் பேட்ச் கார்டு. மழை அங்கே வந்தால் டிஎன்எஸ் பற்றிக் கேட்கமாட்டேன், தீயணைப்பு நிலையத்துக்குத்தான் போன் செய்வேன்.

சில்க்போர்டு சிக்னல் · வியாழன், இரவு 10:02

எதற்கு இவ்வளவு கவலை? சர்வரிலேயே பெயர்களுக்கு ஐபி எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் டேட்டாபேஸின் பெயரையும் ஐபியையும் ஒரு வரியில் எழுதிவிட்டுத் தூங்குங்கள்.

அல்சூர் ஏரி · வியாழன், இரவு 11:15

தம்பி, இன்னும் எதையும் மாற்றாதீர்கள். ஹோஸ்ட்ஸ் கோப்பும் வேண்டாம். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் எனக்குச் சில விஷயங்கள் தெரிய வேண்டும்.

லாக்கில் வந்த செய்தி எழுத்துக்கு எழுத்து என்ன? 'பெயர் கிடைக்கவில்லை' என்று நீங்கள் சுருக்கிச் சொன்னதில்தான் முக்கியமான தகவல் தொலைந்துபோயிருக்கிறது. லினக்ஸில் இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று 'டெம்பரரி ஃபெயிலியர் இன் நேம் ரெசல்யூஷன்'. இன்னொன்று 'நேம் ஆர் சர்வீஸ் நாட் நோன்'. படிக்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் நடந்தது வேறு வேறு. முதலாவது வந்தால், கேட்ட இடத்திலிருந்து உருப்படியான பதில் வரவில்லை என்று அர்த்தம். சர்வர் செத்திருக்கலாம், வழி அடைபட்டிருக்கலாம், ஃபயர்வால் டிஎன்எஸ்ஸுக்கான 53-ஆம் போர்ட்டை மறித்திருக்கலாம். இரண்டாவது வந்தால் பெரும்பாலும் பதில் வந்துவிட்டது. அப்படி ஒரு பெயரே இல்லை என்பதுதான் அந்தப் பதில்.

டிஎன்எஸ் சர்வரிடம் கேட்டு அதன் பதிலைக் காட்டும் டிக் கட்டளையில் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் என்எக்ஸ்டொமைன் என்று வந்தால், பெயர் இல்லை என்று யாரோ உறுதியாகச் சொல்லியிருக்கிறார்கள். செர்வ்ஃபெயில் என்றால், தேடப் போனவர் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். ரெஃப்யூஸ்டு என்றால், உனக்குப் பதில் சொல்லமாட்டேன் என்கிறார். நோஎரர் என்று வந்து கீழே பதில் வரி ஒன்றும் இல்லையென்றால், பெயர் இருக்கிறது, நீங்கள் கேட்ட வகைப் பதிவுதான் இல்லை. நான்கையும் ஒரே நோயாக நினைத்து ஒரே மருந்து கொடுத்துத்தான் பாதி இரவுகள் வீணாகின்றன.

ஒரு எச்சரிக்கை. டிக் நேராக டிஎன்எஸ் சர்வரிடம் போய்க் கேட்கும். உங்கள் ஆப் அப்படிக் கேட்பதில்லை. ஹோஸ்ட்ஸ் கோப்பு, எங்கே முதலில் தேடுவது என்று என்எஸ்ஸ்விட்ச் கோப்பில் இருக்கும் வரிசை எல்லாவற்றையும் தாண்டித்தான் டிஎன்எஸ்ஸுக்கு வரும். ஆப் பார்ப்பதை நீங்களும் பார்க்க வேண்டுமானால் கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் என்று போட்டுப் பெயரைக் கொடுங்கள். டிக்கில் பதில் வந்து கெட்என்டில் வரவில்லையென்றால், கோளாறு உங்கள் மெஷினுக்குள்ளேயே இருக்கிறது.

அடுத்த முறை நிற்கும்போது ரீபூட் செய்யாமல் ஐந்து நிமிடம் பொறுங்கள். ரீபூட் செய்தால் தடயமும் சேர்ந்து போய்விடும். செய்ய வேண்டியது:

கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் போட்டு டேட்டாபேஸின் பெயர்.
கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் போட்டு வெளியில் இருக்கும் ஏதாவது ஒரு பெயர்.
டிக் போட்டு அட் 192.168.10.5 என்று சர்வரைக் குறிப்பிட்டு டேட்டாபேஸின் பெயர்.
ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் (எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்கிறது என்று காட்டும்), முழுசாக.

சில்க்போர்டு சிக்னல் · வெள்ளி, காலை 8:10

ஹோஸ்ட்ஸ் கோப்பு வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்லவில்லையே ஐயா. பத்து வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

அல்சூர் ஏரி · வெள்ளி, காலை 8:40

இணையம் முழுக்க அப்படி ஓடிய காலம் ஒன்று இருந்தது. எல்லாக் கணினிகளின் பெயரும் ஒரே உரைக்கோப்பில் இருந்தது. ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சிக் கழகத்தில் அதைப் பராமரித்தார்கள், மற்றவர்கள் அவ்வப்போது இறக்கிக்கொண்டார்கள். அது கட்டுக்கு மீறிப் போனதால்தான் 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். ஒரு மெஷினுக்கு ஒரு வரி என்றால் நானும் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு வருடம் கழித்து டேட்டாபேஸ் வேறு ஐபிக்கு மாறும்போது அந்த வரி யார் நினைவில் இருக்கும்? எல்லா மெஷினும் புதிய இடத்துக்குப் போகும், ஒன்று மட்டும் பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். என் கைப்பட அப்படி ஒரு வரி எழுதி, அதைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்திருக்கிறேன்.

இங்கே அதைவிடப் பெரிய ஆபத்து, கோளாறு மறைந்துவிடும். டேட்டாபேஸ் பெயர் மட்டும் வேலை செய்யும். அடுத்த மழைக்கு இன்னொரு பெயர் விழும்.

ஓசூர் பஸ் · வெள்ளி, காலை 9:25

அத்திப்பள்ளி தாண்டிவிட்டோம், பஸ்ஸில் படித்துக்கொண்டு வருகிறேன். இன்று மாலை மழை உண்டாம். மடிவாளாக்காரருக்கு வாழ்த்துகள்.

மடிவாளாக்காரன் · வெள்ளி, இரவு 8:50

வந்தது! மழையும் வந்தது, கோளாறும் வந்தது. மேலாளர் பின்னால் வந்து நிற்க, ரீபூட் செய்யாமல் ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தேன். அதற்காகவே சம்பளத்தைக் கூட்ட வேண்டும்.

கெட்என்டில் டேட்டாபேஸின் பெயர்: பதில் இல்லை.
வெளிப்பெயர்: உடனே பதில் வந்தது. இதை இதுவரை நான் கவனித்ததே இல்லை. எதுவுமே வேலை செய்யவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.
192.168.10.5-ஐக் குறிப்பிட்டு டிக்: சரியான பதில், 192.168.10.20.
யாரையும் குறிப்பிடாமல் டிக்: என்எக்ஸ்டொமைன்.

ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸில் டிஎன்எஸ் சர்வர்கள் என்று இரண்டும் இருக்கின்றன. அதற்கு மேலே 'கரன்ட் டிஎன்எஸ் சர்வர்' என்று தனியாக ஒரு வரி. அதில் 8.8.8.8 என்று இருந்தது.

லாக்கில் நீங்கள் சொன்னதுபோல இரண்டு செய்திகளுமே இருக்கின்றன. மாலை 5:52-க்கு 'டெம்பரரி' என்று தொடங்கும் செய்தி சில விநாடிகள் மட்டும். அதன் பிறகு நான் ரீபூட் செய்தது வரை எல்லாமே 'நாட் நோன்'.

அல்சூர் ஏரி · வெள்ளி, இரவு 9:30

கதை முழுக்க அந்த இரண்டு செய்திகளில் இருக்கிறது தம்பி.

5:52-க்கு உங்கள் 192.168.10.5 பேச்சை நிறுத்தியது. சில விநாடிகள் பதில் இல்லை, அதனால் 'டெம்பரரி'. உபுண்டுவில் பெயர் தேடும் வேலையைச் செய்வது சிஸ்டம்டி ரிசால்வ்டு, அதாவது 127.0.0.53-இல் உட்கார்ந்திருக்கும் ஆள். அவர் இனி இந்த சர்வர் ஆகாது என்று 8.8.8.8-க்கு மாறிவிட்டார். உங்கள் டேட்டாபேஸின் பெயர் ஆபீஸுக்கு உள்ளே மட்டும் இருப்பது. கூகுளுக்கு அது எப்படித் தெரியும்? அப்படி ஒரு பெயர் இல்லை என்று சொன்னது. உண்மையைத்தான் சொன்னது. அதுதான் 'நாட் நோன்'.

உங்கள் டிஎன்எஸ் இரண்டு நிமிடத்தில் எழுந்திருக்கலாம். ஆனால் ரிசால்வ்டு திரும்பிப் பார்க்காது. ஒரு சர்வருக்கு மாறினால், அந்த சர்வர் விழும்வரை அதையே பிடித்துக்கொண்டிருக்கும். கூகுள் எங்கே விழப்போகிறது? கேஷை ஃப்ளஷ் செய்தும் பலனில்லாமல் போனது அதனால்தான். ஃப்ளஷ் பழைய பதில்களை அழிக்கும், யாரிடம் கேட்பது என்பதை மாற்றாது. ரீபூட் செய்தால் பட்டியலின் முதல் ஆளிடமிருந்து மறுபடி தொடங்கும். முழு ரீபூட் தேவையே இல்லை, ரிசால்வ்டு சேவையை மட்டும் ரீஸ்டார்ட் செய்தாலே போதும்.

பழைய முறையில், அதாவது ரிசால்வ்டு நடுவில் இல்லாமல் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி தானே, டிஎன்எஸ் சர்வர் பட்டியல் இருக்கும் ரிசால்வ் டாட் கான்ஃப் கோப்பைப் படிக்கும்போது, ஒவ்வொரு கேள்விக்கும் பட்டியலின் மேலிருந்துதான் தொடங்கும். முதல் சர்வர் பேசவில்லையென்றால் ஐந்து விநாடி காத்திருந்துவிட்டு அடுத்ததிடம் போகும். எல்லாம் மெதுவாகும், ஆனால் முதல் சர்வர் எழுந்ததும் தானாகச் சரியாகிவிடும். பழைய சென்டோஸ் லினக்ஸ் பெட்டிகளில் பழகியவர்களுக்கு உபுண்டுவின் இந்தப் பிடிவாதம் புரிய நாளாகும். எனக்கும் ஆனது.

மிச்சம் ஒரே கேள்வி. மழை பெய்தால் 192.168.10.5 ஏன் விழுகிறது? அது எங்கே இருக்கிறது?

ஃபில்டர்காபி404 · வெள்ளி, இரவு 9:52

ஒரு நிமிடம் சார். இது எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் சர்வர் எழுந்துவிட்டது, இரண்டாவது சர்வர் 'தெரியாது' என்கிறது. அப்படியானால் முதலாமவரிடம் போய்க் கேட்க வேண்டியதுதானே? பேக்கப் என்றால் அதுதானே பேக்கப்?

அல்சூர் ஏரி · வெள்ளி, இரவு 10:20

பத்தில் எட்டுப் பேர் தடுக்கி விழும் இடம் இது. 8.8.8.8 'தெரியாது' என்று சொல்லவில்லை. 'இல்லை' என்றது. டிஎன்எஸ்ஸில் இந்த இரண்டும் ஒன்றல்ல.

அபார்ட்மென்ட் வாசலில் வாட்ச்மேனிடம், மூன்றாம் மாடியில் இன்னார் இருக்கிறாரா என்று கேட்கிறீர்கள். அவர் தூங்குகிறார், பதில் இல்லை. சரி என்று பக்கத்து பில்டிங் வாட்ச்மேனிடம் போகிறீர்கள். அவர் தன் ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டு, அப்படி யாரும் இல்லை என்கிறார். பதில் கிடைத்துவிட்டது, நீங்கள் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறீர்கள். முதல் வாட்ச்மேன் விழித்தாரா என்று பார்ப்பதில்லை. கணினியும் அதையேதான் செய்கிறது. பதில் வராவிட்டால்தான் அடுத்தவரிடம் போகும். 'இல்லை' என்ற பதிலும் முழுமையான பதில்தான். அதை எழுதிவைத்துக்கொண்டு சற்று நேரத்துக்கு மறுபடி கேட்காமலும் இருக்கும். 'இல்லை'யை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்பதற்கு 1998-லேயே ஆர்எஃப்சி 2308 என்று தனி ஆவணம் போட்டிருக்கிறார்கள்.

ஆகவே, பட்டியலில் இருக்கும் சர்வர்கள் எல்லாம் ஒரே கேள்விக்கு ஒரே பதில் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாத ஒன்றை இரண்டாவதாகப் போட்டால் அது பேக்கப் ஆகாது. பக்கத்து பில்டிங் வாட்ச்மேன்தான்.

வலைச்சிலந்தி · வெள்ளி, இரவு 10:41

இந்த வித்தியாசத்துக்கு ஊரறிந்த உதாரணம் 2021 அக்டோபர் 4. ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எல்லாம் இந்திய நேரப்படி இரவு 9 மணிக்கு மேல் போய் அதிகாலையில் வந்தன. அவர்களுடைய டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் பாதைகளையே, இணையத்தில் பாதைகளை அறிவிக்கும் பிஜிபியிலிருந்து விலக்கிக்கொண்டார்கள், தவறுதலாக. அன்று டிக் போட்டவர்களுக்கு வந்தது செர்வ்ஃபெயில், என்எக்ஸ்டொமைன் இல்லை. பெயர் இருந்தது, சொல்ல ஆள் இல்லை. மடிவாளாக்காரர் விஷயம் அதற்கு நேர் எதிர். சொல்ல ஆள் இருக்கிறார், தவறான ஆள்.

மடிவாளாக்காரன் · சனி, காலை 11:30

எங்கே இருக்கிறது என்று கேட்டீர்களே அண்ணா, வெட்கமாக இருக்கிறது.

192.168.10.5 ஒரு பழைய டெஸ்க்டாப். நான் சேர்வதற்கு முன்பே யாரோ பைண்டு என்ற டிஎன்எஸ் மென்பொருளைப் போட்டு வைத்தது. ரேக்கில் இல்லை, பேன்ட்ரி பக்கத்து அலமாரியில், பழைய மானிட்டர்களுக்கு நடுவில் இருக்கிறது. ரேக்கில் இருக்கும் எல்லாவற்றுக்கும் யூபிஎஸ் உண்டு. இதற்கு இல்லை. நேராகச் சுவர் பிளக்கில் செருகியிருக்கிறார்கள்.

மாலை மழை வந்தால் எங்கள் தெருவில் கரண்ட் போகும். ஜெனரேட்டர் எடுக்க அரை நிமிடம் ஆகும். மற்றவை யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கும். இந்தப் பெட்டி மட்டும் அணைந்து, தானாக பூட் ஆகி, இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடும். அதனால்தான் நான் போய்ப் பார்த்தபோதெல்லாம் அது நன்றாகவே இருந்தது. லேப்டாப்பிலிருந்து சரியாகப் போனதற்கும் இப்போது காரணம் தெரிகிறது. வைஃபையில் அமைப்புகளை வழங்கும் டிஹெச்சிபி 192.168.10.5-ஐ மட்டும்தான் கொடுக்கிறது, இரண்டாவது ஆளே கிடையாது.

சர்வரின் ஜர்னலில் 5:52-க்கு, 'யூசிங் டிகிரேடட் ஃபீச்சர் செட்' என்று 192.168.10.5-இன் பேரில் வரிகள் இருக்கின்றன, பதில் வராமல் ரிசால்வ்டு திணறியதன் அடையாளம். முந்தைய மூன்று முறையும் அதே வரிகள். பத்து நாளாக என் மூக்குக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது.

கடைசியாக ஒரு ஒப்புதல் வாக்குமூலம். நெட்வொர்க் அமைப்புகள் இருக்கும் நெட்பிளான் கோப்பில் 8.8.8.8-ஐ இரண்டாவதாகச் சேர்த்தது யார் என்று பார்த்தேன். நான்தான். இரண்டு வாரத்துக்கு முன், இதே குழுமத்தில் வேறொரு இழையைப் படித்துவிட்டு, 'எதற்கும் இருக்கட்டும்' என்று. அந்த ஆலோசனையை எழுதியவர் பெயர் ஃபில்டர்காபி404.

ஃபில்டர்காபி404 · சனி, காலை 11:44

😶

ஓசூர் பஸ் · சனி, காலை 11:50

மழைக்கும் சர்வருக்கும் பகை என்று அந்த அக்கா சரியாகத்தானே சொன்னார்! நான் வயர் என்றேன், அதுவும் ஒருவகையில் சரி. கரண்ட் வயர்.

ஃபில்டர்காபி404 · சனி, மதியம் 12:15

சரி, ஏற்றுக்கொள்கிறேன். வீட்டு ரூட்டருக்குச் சொல்லிச் சொல்லி அதே பழக்கத்தில் சர்வருக்கும் சொல்லிவிட்டேன். உள்பெயர்கள் இல்லாத இடத்தில் 8.8.8.8-ம் 1.1.1.1-ம் சேர்ந்து இருந்தால் தொல்லை இல்லை, அவை இரண்டும் ஒரே பதிலைத்தான் சொல்லும். உள்பெயர் வந்துவிட்டால் கதை வேறு. அந்தப் பழைய இழையில் போய்த் திருத்தம் எழுதிவிட்டேன்.

இப்போது என்ன செய்வது? இரண்டாவதை எடுத்துவிட்டால், கரண்ட் போகும் அந்த இரண்டு நிமிடம் வெளிப்பெயர்களும் சேர்ந்து போகுமே?

அல்சூர் ஏரி · சனி, மாலை 4:05

போகட்டும். இரண்டு நிமிடம் எல்லாம் நிற்பது, இரண்டு மணிநேரம் பாதி மட்டும் நிற்பதைவிட மேல். எல்லாம் நின்றால் என்ன கோளாறு என்று உடனே தெரியும்.

இன்றே செய்யக்கூடியது, அந்த டெஸ்க்டாப்பை யூபிஎஸ்ஸில் செருகுவது. அதற்கு டிஎன்எஸ் அறிவு எதுவும் தேவையில்லை. அப்புறம் நெட்பிளானிலிருந்து 8.8.8.8-ஐ எடுங்கள். நெட்பிளான் அப்ளைக்குப் பதிலாக நெட்பிளான் டிரை போடுங்கள். தவறாகப் போனால், நீங்கள் உறுதிசெய்யாதவரை 120 விநாடியில் பழையபடி திரும்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸுக்கு ஓடாமல் இருக்க அது ஒன்று போதும்.

நிலையான தீர்வு, உங்கள் உள்பெயர்கள் தெரிந்த இரண்டாவது சர்வர். பைண்டு ஏற்கனவே இருப்பதால் ரேக்கில் இருக்கும் ஏதாவது ஒரு மெஷினில் இன்னொரு பைண்டை செகண்டரியாகப் போடுங்கள். முதலாமவரிடமிருந்து ஸோன் முழுவதையும், அதாவது பெயர்ப் பட்டியலை, அது தானே இழுத்துக்கொள்ளும். சாதாரணக் கேள்விகள் பெரும்பாலும் யூடிபியில் போகும், ஆனால் அந்தப் பரிமாற்றம் டிசிபியில் நடக்கும், ஆகவே 53-ஆம் போர்ட்டை யூடிபிக்கு மட்டும் திறந்துவைத்திருந்தால் நடக்காது. டிஎன்எஸ் என்றால் யூடிபி மட்டும்தான் என்று நினைக்கும் ஃபயர்வால்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வலைச்சிலந்தி · சனி, மாலை 5:30

முப்பது பேர் ஆபீஸுக்கு இரண்டு பைண்டு கொஞ்சம் அதிகம் என்பேன். டிஎன்எஸ்மாஸ்க் என்ற சின்ன டிஎன்எஸ் சர்வர் போட்டால் பத்து வரியில் முடியும். ஹோஸ்ட்ஸ் கோப்பைப் போல ஒரே ஒரு கோப்பு, அதை இரண்டு மெஷினுக்கும் நகல் எடுத்தால் ஆயிற்று.

அல்சூர் ஏரி · சனி, மாலை 5:48

அதுவும் நடக்கும். ஆனால் நகல் எடுக்க ஒரு மனிதர் நினைவில் வைத்திருக்க வேண்டும். இந்த இழையே ஒரு மனிதர் மறந்ததால் வந்தது.

மடிவாளாக்காரன் · அடுத்த புதன், இரவு 10:10

அண்ணன் சொன்ன வழியில் செகண்டரி போட்டாயிற்று. இரண்டு இடத்தில் அடிபட்டேன், பின்னால் வருகிறவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

ஒன்று. செகண்டரியாக எடுத்த மெஷினும் உபுண்டுதான். புதிய டிஎன்எஸ் சர்வரை எல்லா முகவரிகளிலும் 53-ஆம் போர்ட்டில் உட்காரச் சொன்னால், ரிசால்வ்டு ஏற்கனவே 127.0.0.53-இல் உட்கார்ந்திருக்கிறது. பைண்டு அதோடு சண்டை போடவில்லை, ஏனென்றால் அது ஒவ்வொரு முகவரியிலும் தனித்தனியாக உட்காரும். முதலில் டிஎன்எஸ்மாஸ்க்கை முயன்று பார்த்தபோது 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்று கிளம்பவே இல்லை. (மன்னிக்கவும் அண்ணா, எது சுலபம் என்று பார்க்க ஆசை.) ரிசால்வ்டு கட்டமைப்பில் ஸ்டப் லிசனரை (127.0.0.53-இல் உட்கார்ந்திருக்கும் பகுதி) நிறுத்தினால் அது சரியாகும்.

இரண்டு. செகண்டரி வந்த மறுநாள் பிரைமரியில் புதிய பெயர் ஒன்று சேர்த்தேன். ஒருமுறை கேட்டால் பதில் வருகிறது, இன்னொரு முறை என்எக்ஸ்டொமைன். மறுபடியும் பக்கத்து பில்டிங் வாட்ச்மேன்! காரணம், ஸோன் கோப்பில் சீரியல் எண்ணைக் கூட்ட மறந்துவிட்டேன். எண் மாறவில்லையென்றால், எதுவும் மாறவில்லை என்று செகண்டரி முடிவு செய்துகொள்கிறது. எண்ணைக் கூட்டி ரீலோடு செய்ததும் சில விநாடிகளில் இரண்டும் ஒன்றானது.

நேற்றும் மழை. கரண்ட் இரண்டு முறை போனது. பில்லிங் நிற்கவில்லை. மேலாளருக்கு எதுவும் தெரியாது, அதனால் சம்பளப் பேச்சும் இல்லை.

கிண்டி டு ஒயிட்ஃபீல்டு · மூன்று வாரம் கழித்து, வெள்ளி, மதியம் 2:35

பழைய இழையை எழுப்புவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதேதான், ஆனால் மழையும் இல்லை, கரண்ட்டும் போகவில்லை. எங்கள் பட்டியலிலும் முதலில் ஆபீஸ் டிஎன்எஸ், இரண்டாவதாக 8.8.8.8. ஆபீஸ் டிஎன்எஸ் ஒரு விநாடிகூட விழுந்ததில்லை, மானிட்டரிங் கிராஃப் சாட்சி. ஆனாலும் கன்டெய்னருக்குள் (ஹோஸ்ட் மெஷினுக்குள்ளேயே தனியாகப் பிரித்து ஓட்டும் பெட்டி) ஓடும் ஒரு சர்வீஸுக்கு மட்டும், நூற்றில் ஒருமுறையோ அதைவிடக் குறைவாகவோ, உள்பெயர் கிடைப்பதில்லை. ஹோஸ்ட் மெஷினிலிருந்து ஆயிரம் முறை ஓட்டினாலும் பிசகவில்லை. கன்டெய்னரில் இருப்பது ஆல்பைன் லினக்ஸ், அதை ஓட்டும் டாக்கரின் டீஃபால்ட் பிரிட்ஜ் நெட்வொர்க்.

வலைச்சிலந்தி · வெள்ளி, மதியம் 3:10

ஆல்பைன் என்றதும் பாதி விடை வந்துவிட்டது. அதில் ஜிலிப்சி கிடையாது, அதற்குப் பதிலாக மஸ்ல் என்ற நூலகம். ஜிலிப்சி வரிசையாக ஒருவர் பின் ஒருவராகக் கேட்கும். மஸ்ல் பட்டியலில் இருக்கும் எல்லோரிடமும் ஒரே நேரத்தில் கேட்டு, யார் முந்துகிறாரோ அவர் பதிலை எடுத்துக்கொள்ளும். உங்கள் ஆபீஸ் டிஎன்எஸ் பக்கத்தில் இருப்பதால் எப்போதும் முந்துகிறது. அதற்கு எப்போதாவது மூச்சு வாங்கும்போது 8.8.8.8 முந்திவிடும். முந்தி வந்து என்ன சொல்லும்? இல்லை என்று. கிராஃபில் இது தெரியாது, ஏனென்றால் யாரும் விழவில்லை, ஒருவர் சில மில்லிவிநாடி பிந்தினார், அவ்வளவுதான்.

டீஃபால்ட் பிரிட்ஜில் கன்டெய்னருக்குள் போய் ரிசால்வ் டாட் கான்ஃப் கோப்பைத் திறந்து பாருங்கள், ஹோஸ்ட்டின் இரண்டு வரிகளும் அப்படியே இருக்கும். சொந்தமாக உருவாக்கிய டாக்கர் நெட்வொர்க் என்றால் 127.0.0.11 என்று ஒரே வரிதான் இருக்கும், அங்கே டாக்கரே நடுவில் நின்று கேட்கும்.

அப்படியே ஆல்பைன் பதிப்பையும் பாருங்கள். 3.18-க்கு முந்தியது என்றால் இன்னொரு பள்ளமும் இருக்கிறது. பதில் பெரிதாகி யூடிபியில் அடங்காமல் வெட்டுப்பட்டால், டிசிபியில் மறுபடி கேட்க அந்தப் பழைய மஸ்லுக்குத் தெரியாது. 2023-இல்தான் அது வந்தது.

கிண்டி டு ஒயிட்ஃபீல்டு · வெள்ளி, மாலை 6:20

ஆல்பைன் 3.16. கன்டெய்னருக்குள் இரண்டு வரிகளும் இருந்தன. 8.8.8.8-ஐ எடுத்துவிட்டு லூப்பில் இருபதாயிரம் முறை கேட்டேன், ஒன்றுகூடத் தவறவில்லை. மறுபடி சேர்த்துப் பார்த்தேன், நான்காயிரத்துக்குள் ஏழு தவறின. எடுத்தேவிட்டேன். திங்கட்கிழமை இமேஜையும் புதுப்பிக்கிறேன்.

ஆனால் இப்போது என்னிடமும் ஒரே ஒரு டிஎன்எஸ்தான் இருக்கிறது.

மடிவாளாக்காரன் · வெள்ளி, மாலை 6:41

செகண்டரி போடுங்கள் நண்பா. சீரியல் எண்ணைக் கூட்ட மறக்காதீர்கள். முதலாவது எந்த பிளக்கில் செருகியிருக்கிறது என்று இன்றே போய்ப் பார்த்துவிடுங்கள், வானம் கறுக்கிறது.